சாவா மூவாப் பேராடும் செல்லாத நோட்டும்

மத்தியான வேளையில், ஊர் உண்ட களைப்பில் கண்ணயர்ந்திருக்கும்போது, தெருவில் ஒரு குரல் கேட்கும். "பழைய பட்டுப் புடவை வாங்கறது! கிழிஞ்ச பட்டுப் புடவை வாங்கறது!" இந்தக் குரலைக் கேட்டுத் தாயார்கள் பெட்டியைத் திறப்பார்கள். பாட்டி காலத்துக் கூறைப் புடவை வெளியே வரும். உடல் முழுவதும் இற்றுப்போயிருக்கும். மடிப்புக்கு மடிப்பு விட்டிருக்கும். ஆனால் வந்தவர் புடவையின் உடலைப் பார்ப்பதில்லை, கரையைத்தான் பார்ப்பார். ஜரிகையைச் சுரண்டுவார், கையிலே தூக்கி எடை பார்ப்பார், ஒரு விலை சொல்வார்.

ஏன் என்று காஞ்சிபுரத்துக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். அசல் ஜரிகை என்றால் அதில் வெள்ளி உண்டு. வெள்ளியின் மேல் பொன் முலாம் உண்டு. புடவையை நெருப்பில் போட்டாலும் பட்டு சாம்பலாகும்; வெள்ளி மிஞ்சும். பழைய வெள்ளி ரூபாயும் இந்த ஜாதிதான். அதில் பொறித்த ராஜா செத்துப் போனாலும், ராஜ்யமே போனாலும், தட்டானிடம் கொண்டுபோனால் வெள்ளியின் விலை கிடைக்கும்.

காகித நோட்டின் கதை வேறு. அதை எரித்தால் சாம்பலைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. அதனுள்ளே இருப்பதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம். ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பார்த்தால், கொண்டுவருபவருக்கு ஐந்நூறு ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கியின் கவர்னர் வாக்குக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருப்பார். இந்த வாக்கியத்தில் வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கொண்டுவருபவர் யாராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. எந்தத் தேதிக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை.

அப்படியானால் அந்த வாக்கு எத்தனை நாளைக்கு நிற்கும்? இந்தக் கேள்வியை என் மனத்தில் போட்டவர் பொருளாதாரப் பேராசிரியர் யாரும் அல்ல. மாகறலில் ஒரு பாட்டி.

மாகறல் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, உத்தரமேரூர் போகும் வழியில், செய்யாற்றை ஒட்டி இருக்கும் ஊர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். அந்த ஊர்ப் புராணம் சுவையானது. அரசன் ஒருவன் பொன்னிறமான உடும்பு ஒன்றைக் கண்டு துரத்தினானாம். உடும்பு புற்றுக்குள் ஓடி ஒளிந்தது. புற்றைக் கிளறிப் பார்த்தபோது இறைவன் வெளிப்பட்டார். பொன்னைத் துரத்திக்கொண்டு போனவனுக்குத் தெய்வம் கிடைத்த ஊர் அது! நம் போன்றவர்களுக்குத் தெய்வத்தைத் தேடிப் போனாலும் பொன் விலைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

2018-ம் வருஷம் அந்தக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே தறி கிடந்தது. ஆனால் ஓசை இல்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்த பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்தவன் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதில் ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், பழைய மாதிரி.

"தம்பி, இதை எங்கே குடுத்தா மாத்தித் தருவாங்க?"

"எங்கிருந்து கிடைத்தது, பாட்டி?"

"எங்க வூட்டுக்காரர் வெச்சது. பேத்திக்குக் காது குத்தறதுக்குன்னு என் கூறைப் புடவையைப் பிரிச்சேன். மடிப்புக்குள்ளே இருந்துச்சு. கூலியிலே மிச்சம் பிடிச்சு எனக்குன்னு வெச்சிருக்காரு. சொல்லாமலே போயிட்டாரு."

நான் மெதுவாகச் சொன்னேன். இந்த நோட்டுகளுக்கு 2016-ம் வருஷம் டிசம்பர் 30-ம் தேதி கெடு வைத்திருந்தார்கள், கெடு கடந்துவிட்டது, இனி யாரும் வாங்கமாட்டார்கள் என்றேன். பாட்டி நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிழியலே, நனையலே. காந்தித் தாத்தா அப்படியே சிரிச்சுக்கிட்டுதானே இருக்காரு?"

"நோட்டில் குற்றம் இல்லை, பாட்டி. நாள்தான் போய்விட்டது."

"அவரு போய்ச் சேர்ந்தது அதுக்கு முந்தின வருஷமாச்சே, தம்பி. கெடு வெச்சது அவருக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கூறைப் புடவையைத் தெருவில் போகிறவரிடம் கொடுத்தால் ஜரிகைக்கு விலை கிடைக்கும். அதன் மடிப்புக்குள் இருந்த மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மட்டும் விலை கிடையாது.

பழைய பணம், புதுப் பணம் என்ற தொல்லை நம் காலத்தில் முளைத்தது அல்ல. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தால் "அன்றாடு நற்காசு" என்று ஒரு சொல் வரும். அன்றைய தினம் நடமாட்டத்தில் உள்ள நல்ல காசு என்று பொருள். "பழங்காசு" என்றும் ஒரு சொல் வரும். நிலம் விற்றவனும் வாங்கினவனும் எந்தக் காசில் பேசினோம் என்பதைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். ஆனால் பழங்காசு என்பதால் அது குப்பைக்குப் போய்விடவில்லை. எடை என்ன, மாற்று என்ன என்று பார்ப்பார்கள். அதற்கு ஏற்ற விலை உண்டு.

மாற்றுப் பார்ப்பவன் மோசம் செய்தால்? அதற்கும் வழி செய்திருந்தார்கள். மாகறலுக்குப் பக்கத்திலுள்ள உத்தரமேரூரைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாருக்கும் தெரியும். அந்த ஊர்ச் சபை, முதலாம் பராந்தகன் காலத்தில், ஊராரின் பொன்னை மாற்றுப் பார்ப்பதற்கும் குடவோலை முறையிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஏற்பாடு செய்தது. யாருடைய பொன்னானாலும் ஓரம் சொல்லாமல் உரைக்க வேண்டும் என்பது நிபந்தனை. உரைகல்லில் ஒட்டிய பொன்னை மெழுகில் ஒற்றி எடுப்பார்கள் அல்லவா? அந்த மெழுகைக்கூட ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஏழை கொண்டுவந்த துளிப் பொன்னில் ஒரு தூசி மாற்றுப் பார்ப்பவனின் மடிக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலை! கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: பொன் நல்லதா, கெட்டதா? அதை என்றைக்குக் கொண்டுவந்தாய் என்று உரைகல் கேட்கவில்லை.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளைத் தானம் கொடுப்பார்கள். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு அல்லது தொண்ணூற்றாறு ஆடு. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு அந்த ஆடுகளை "சாவா மூவாப் பேராடு" என்று அழைக்கிறது. சாகாத ஆடு, கிழடு தட்டாத ஆடு! அப்படி ஓர் ஆடு பூலோகத்தில் உண்டா? கிடையாது. ஆடு சாகும், குட்டி பிறக்கும். கணக்கு மட்டும் குறையக் கூடாது. தானம் கொடுத்தவன் செத்தாலும், ஏற்றுக்கொண்டவன் செத்தாலும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை நெய் வர வேண்டும். சாகாதது ஆடு அல்ல, வாக்குத்தான்.

இனிக் காகிதத்துக்கு வருவோம். நம் நாட்டில் சர்க்கார் நோட்டு 1861-ம் வருஷத்துச் சட்டத்தோடு பிறந்தது. அதற்கு முன்னால் சென்னை, கல்கத்தா, பம்பாய் வங்கிகள் தனித்தனியே நோட்டு வெளியிட்டு வந்தன; அந்த உரிமையைச் சர்க்கார் தானே எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் நாட்டை வட்டங்களாகப் பிரித்தார்கள். சென்னை வட்டத்து நோட்டைக் கல்கத்தாவில் நீட்டினால் வெள்ளி எண்ணிக் கொடுக்கச் சர்க்கார் கடமைப்படவில்லை. நோட்டின் வாக்கு, அது பிறந்த வட்டத்தோடு நின்றது. 1903-ம் வருஷம் ஐந்து ரூபாய் நோட்டில் தொடங்கி, 1911-ம் வருஷத்துக்குள் பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் வரைக்கும் இந்த வேலியைப் பிடுங்கினார்கள். அதாவது, முதலில் நோட்டின் வாக்கைத் தின்றது தூரம். தூரத்தை வென்ற பிறகு தேதி என்கிற பகைவன் வந்து சேர்ந்தான்.

அதற்கு முன்னால், வாக்குக் கொடுத்தவனே ஓடிப்போன கதையும் உண்டு. கடல் கடந்து போன தமிழர்களுக்கு அது நன்றாகத் தெரியும். யுத்தகாலத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் அங்கே தங்கள் நோட்டை அச்சடித்துத் தள்ளினார்கள். பத்து டாலர் நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் அதற்கு "வாழைமர நோட்டு" என்றே பெயர். 1945-ம் வருஷம் ஜப்பான் தோற்றது. திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அந்த நோட்டுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த கூலி, குழந்தைகள் விளையாடும் காகிதமாயிற்று. பர்மாவிலோ வாக்குக் கொடுத்த சர்க்கார் எங்கும் ஓடவில்லை. 1964-ம் வருஷம் மார்ச்சில் கடைகளைத் தேசியமயமாக்கிய ராணுவ ஆட்சி, மே மாதத்தில் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகளும் செல்லாது என்றது. கடையும் போய்க் கையிருப்பும் போய்க் கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். அப்படி வந்தவர்கள் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நடைபாதையில் மறுபடி கடை விரித்தார்கள். பர்மா பஜார் என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் நாம் அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறோம்.

நம் நாட்டிலே 1946-ம் வருஷம் ஜனவரி 12-ம் தேதி ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஐந்நூறு, ஆயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது. யுத்தத்தில் கொள்ளை லாபம் அடித்தவர்களைப் பிடிப்பது நோக்கம். நோட்டு வைத்திருப்பவர்கள் அது எப்படி வந்தது என்று எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். சுமார் 144 கோடி ரூபாய் நோட்டுகளில் 1947-ம் வருஷ முடிவுக்குள் ஏறக்குறைய 135 கோடி மாற்றப்பட்டுவிட்டது. பிடிபட வேண்டிய பெரிய மீன்கள் வலையின் கண்ணிலே புகுந்து போய்விட்டன என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் ஆறுதல். அந்தக் காலத்தில் நெசவாளி வீட்டில் ஆயிரம் ரூபாய் நோட்டு இருக்க முடியாது. ஆகவே ஏழை தப்பினான்.

பழைய பணத்தை மரியாதையோடு வழியனுப்புவது எப்படி என்பதையும் நம் சர்க்காரே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1957-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்று முதல் நூறு நயா பைசா. ஓரணா என்றால் ஆறேகால் பைசா. கால் பைசாவை எங்கே போய்த் தேடுவது? காய்கறிக் கடையில் நடந்த சண்டைக்குக் கணக்கே இல்லை. ஆனால் அணாக் காசை ஒரே இரவில் கொன்றுவிடவில்லை. பழையதும் புதியதும் சில வருஷங்கள் சேர்ந்தே நடமாடின. கடைகளில் மாற்றுக் கணக்கு அட்டை தொங்கியது. 1964-ல் "நயா" என்ற அடைமொழியும் உதிர்ந்தது. புதிய காசு பழகுகிற வரையில் பழைய காசு பொறுமையாகக் காத்திருந்து, பிறகு விடைபெற்றுக்கொண்டது.

1978-ல் அந்தப் பொறுமை இல்லை. ஜனவரி 16-ம் தேதி காலை ஒன்பது மணிச் செய்தியில் வானொலி அறிவித்தது: ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லா. நமக்கு அன்று காணும் பொங்கல். காணும் பொங்கலன்று நோட்டு காணாமற் போயிற்று! மறுநாள் வங்கிகள் மூடியிருந்தன. 19-ம் தேதிதான் முதலில் சொன்ன கெடு. அப்போதும் அடிபட்டவை பெரிய நோட்டுகள்தாம். மளிகைக் கடையில் அவற்றை யாரும் நீட்டியதில்லை.

2016-ம் வருஷம் நவம்பர் 8-ம் தேதி இரவு எட்டு மணிக்கு வந்த அறிவிப்பு அப்படிப்பட்டது அல்ல. ஐந்நூறும் ஆயிரமும் அன்று எல்லார் மடியிலும் இருந்தன. நாட்டில் புழங்கிய நோட்டு மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு அவைதாம். ஐப்பசி முகூர்த்த காலம். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிக்கு வருகிற கூட்டம், வங்கி வாசலில் வரிசையில் நின்றது. வாரக்கூலியை ரொக்கமாக வாங்கிப் பழகியவர்கள் படிவத்தை நிரப்பத் தெரியாமல் பக்கத்தில் நின்றவரிடம் பேனாவை நீட்டினார்கள். வங்கியில் நோட்டை நேரே மாற்றிக்கொள்வது நவம்பர் 24-ம் தேதியோடு நின்றது. கணக்கில் கட்டுவது டிசம்பர் 30-ம் தேதியோடு நின்றது.

முடிவு என்ன? செல்லாது என்று சொன்ன நோட்டுகளின் மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். அதில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியே கணக்குக் காட்டியது. நூற்றுக்கு 99.3 பங்கு! கெட்டிக்காரர்களுக்கு ஐம்பது நாள் தாராளமாகப் போதும். அவர்களுக்குக் கணக்கர் உண்டு, வக்கீல் உண்டு, வரிசையில் நிற்க ஆள் உண்டு. திரும்பி வராத பாக்கி சுமார் 10,700 கோடி. அதில் பயந்துபோய் எரித்தவனுடைய பங்கு எவ்வளவு, கூறைப் புடவை மடிப்பில் உறங்கிய பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எந்த உரைகல்லும் இல்லை. திருப்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு வயோதிகச் சகோதரிகள் தங்கள் கடைசிக் காலத்துக்கென்று சேர்த்து வைத்த 46,000 ரூபாயும் அந்தப் பாக்கியில் அடங்கியதுதான் என்பது 2019-ல் பத்திரிகைகளில் வந்தது.

சர்க்கார் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கெடு இல்லாவிட்டால், கறுப்புப் பணக்காரன் ஆண்டுக்கணக்கில் சாவதானமாக மாற்றிக்கொள்வான். கள்ள நோட்டு நடமாடும். வங்கியின் பொறுப்பு முடிவில்லாமல் நீளும் என்பார்கள். உச்ச நீதிமன்றமும் 2023-ம் வருஷம் ஜனவரி 2-ம் தேதி, ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பாக, கொடுத்த அவகாசம் நியாயமற்றது அல்ல என்று சொல்லிவிட்டது. நீதிபதி நாகரத்னா ஒருவர், அறிவிப்பைச் செய்த முறையே சட்டத்துக்கு ஒத்ததல்ல என்று மாறுபட்டார். தீர்ப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நியாயஸ்தலம் பார்ப்பது சட்டத்தை; கதை எழுதுகிறவன் பார்ப்பது மனிதர்களை. அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு 2017-ம் வருஷம் மார்ச் 31 வரை கெடுவை நீட்டித் தந்தார்கள். நல்ல காரியம். வெளிநாடு போனவருக்கு அவகாசம் உண்டு. மேலுலகம் போனவருக்குத்தான் இல்லை. அந்த வருஷம் வந்த சட்டத்தின்படி, பழைய நோட்டில் பத்துக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். மாகறல் பாட்டியிடம் ஏழுதான் இருந்தது. அந்த மட்டும் பிழைத்தார்!

வேறு வழியே இல்லையா என்று கேட்டால், உண்டு. இங்கிலாந்து வங்கி, தான் வெளியிட்ட நோட்டு எத்தனை பழையதானாலும், கடைத்தெருவில் செல்லாமற் போனாலும், தன் வாசலுக்கு வந்தால் எந்நாளும் மதிப்புக் கொடுப்பதாகச் சொல்கிறது. ஜெர்மனியில் மார்க் நோட்டு 2002-ல் ஓய்வு பெற்றது. ஆனால் பாட்டனாரின் பெட்டியில் கிடைத்த மார்க்கை அந்நாட்டு மத்திய வங்கி கெடு ஏதுமின்றி மாற்றித் தருகிறது. பிரான்சோ 2012-ம் வருஷம் பிப்ரவரி 17-ம் தேதியோடு தன் பிராங்க் நோட்டுக்குக் கதவை மூடிவிட்டது. ஆக, மூடுவதும் திறந்து வைப்பதும் மனத்தைப் பொறுத்தது. நம் ரிசர்வ் வங்கியே 2023-ம் வருஷம் மே 19-ம் தேதி இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறும்போது, செல்லாது என்ற சொல்லைச் சொல்லவில்லை. அக்டோபர் 7 வரை எல்லா வங்கிகளிலும் வாங்கினார்கள்; அதற்குப் பிறகும் சென்னை உள்பட 19 ஊர்களில் உள்ள தன் அலுவலகங்களில் வாங்கிக்கொண்டார்கள்; அஞ்சலில் அனுப்பவும் வழி வைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

ஆகையால் என் அபிப்பிராயம் இதுதான். எந்த நோட்டையும் கடைத்தெருவிலிருந்து விலக்கச் சர்க்காருக்கு உரிமை உண்டு. கள்ள நோட்டா என்று சோதிக்கட்டும். எங்கிருந்து வந்தது என்று கேட்கட்டும். பெரிய மூட்டையோடு வருகிறவனை உட்கார வைத்து நூறு கேள்வி கேட்கட்டும். உத்தரமேரூர்ச் சபையாரும் உரைத்துப் பார்க்காமல் எந்தப் பொன்னையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தேதி என்பது உரைகல் ஆகாது. அது நல்ல பணத்தையும் கெட்ட பணத்தையும் பிரிப்பதில்லை. முன்னால் செய்தி கேட்டவனையும் பின்னால் கேட்டவனையும்தான் பிரிக்கிறது. நாட்டில் செய்தியைக் கடைசியாகக் கேட்கிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு ஜன்னல் போதும். ரிசர்வ் வங்கியின் கட்டடத்தில் எங்கோ ஒரு மூலையில், வருஷத்துக்குப் பத்துப் பேர் வந்தாலும் திறந்திருக்கிற ஒரு ஜன்னல். ஆடு செத்தால் செத்தது என்று அந்தக் கால இடையர் கைவிரிக்கவில்லை. வேறோர் ஆட்டை மந்தையில் சேர்த்து, மறுநாளும் உழக்கு நெய்யைக் கொண்டுவந்து அளந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த இடையரால் முடிந்தது, கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுக்கிற நம் சர்க்காரால் முடியாதா?